போன் பூட்டை உடைக்கலாம், டேப்லெட் பூட்டை உடைக்கக் கூடாது

இன்னைக்கு எபிசோடை ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். 2012 அக்டோபர் 26. அன்னைக்கு அமெரிக்க அரசிதழ்ல ஒரு விதி வெளியாச்சு. சாரம் இதுதான்: நீங்க காசு கொடுத்து வாங்கின ஸ்மார்ட்போன்ல கம்பெனி போட்டிருக்கிற மென்பொருள் பூட்டை உடைச்சு, உங்களுக்குப் பிடிச்ச ஆப்பைப் போட்டுக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் உங்களைத் தொடாது. ஆனா அதே வேலையை டேப்லெட்ல செஞ்சா, அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு கையில ஐபோன் 4, இன்னொரு கையில முதல் ஐபேட்னு வெச்சுக்கங்க. ரெண்டுக்குள்ளயும் ஏ4 சிப். ரெண்டுலயும் ஓடறது ஐஓஎஸ். ரெண்டையும் திறக்கிற கருவியும் ஒன்னுதான். கம்ப்யூட்டர்ல கேபிளைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினா, முதல் கருவிக்குச் சட்டம் தலையாட்டுது, ரெண்டாவதுக்கு முறைக்குது. வித்தியாசம்? ஒன்னு சட்டைப் பைக்குள்ள போகும், இன்னொன்னு போகாது. அவ்வளவுதான்.

இந்தக் கூத்து மூணு வருஷம் நடந்தது. எப்படி வந்தது, யார் கேட்டாங்க, யார் மறுத்தாங்க, நம்ம தமிழ் எழுத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். அதுதான் இன்னைய கதை.

முதல்ல ஒரு விளக்கம். பூட்டுன்னு நான் சொல்றது திரையைத் திறக்க நாம போடற நாலு நம்பர் இல்ல. அது நம்ம சாவி. நான் பேசறது கம்பெனி தன் கையில வெச்சிருக்கிற சாவியைப் பத்தி. டேப்லெட்டை ஆன் பண்ணினதும் சிப்புக்குள்ள எழுதியிருக்கிற ஒரு சின்ன நிரல் முதல்ல எழுந்திருக்கும். அடுத்து ஓடப்போற பூட்லோடர்ல கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு பார்க்கும். இருந்தாத்தான் வழி விடும். பூட்லோடர் அதே மாதிரி கெர்னலைச் சோதிக்கும். கெர்னல் ஒவ்வொரு ஆப்பையும் சோதிக்கும். கல்யாண மண்டபத்துல வாசல், ஹால், பந்தின்னு மூணு இடத்துலயும் பத்திரிகை கேட்கிற மாதிரி. எல்லா இடத்துலயும் கையெழுத்து ஒருத்தரோடதுதான். வீட்டுக்காரரான உங்க கையெழுத்து செல்லாது.

2007 ஜூன்ல ஐபோன் வந்தப்ப ஆப் ஸ்டோரே கிடையாது. அது அடுத்த வருஷம் ஜூலையிலதான் வந்தது. கம்ப்யூட்டரோட இணைச்சா, போனுக்குள்ள பாட்டும் படமும் இருக்கிற ஒரே ஒரு ஃபோல்டர்தான் தெரியும். யூனிக்ஸ் உலகத்துல ஒரு நிரலை இப்படி ஒரே ஃபோல்டருக்குள்ள அடைக்கிறதுக்கு ரொம்ப காலமாவே 'ஜெயில்'னு பேரு. அதை உடைச்சு மொத்த ஃபைல் சிஸ்டத்தையும் பார்க்க வெச்சவங்க அந்த வேலைக்கு ஜெயில்பிரேக்னு பேர் வெச்சாங்க. ஏதோ கெத்துக்காக வெச்ச பேர் மாதிரி இருக்கும், ஆனா அது கம்ப்யூட்டர் ஆளுங்களோட தொழில் பேச்சு. 2008 பிப்ரவரியில ஜே ஃப்ரீமன் என்கிற கலிஃபோர்னியா ஆள், 'சௌரிக்'னு இணையத்துல அறியப்பட்டவர், 'சிடியா'ன்னு ஒன்னு வெளியிட்டார். ஆப்பிளோட ஆப் ஸ்டோர் திறக்கிறதுக்கு முன்னாடியே ஐபோனுக்கு ஒரு கடை இருந்தது, அது ஆப்பிளோடது இல்ல.

ஐபேட் 2010 ஏப்ரல் 3-ம் தேதி கடைக்கு வந்தது. ஒரு மாசம் முடியறதுக்குள்ள, மே மாசத் தொடக்கத்துல, 'ஸ்பிரிட்'னு ஒரு கருவி வந்து அதைத் திறந்துடுச்சு. எழுதினவர் பேர் இணையத்துல 'காமெக்ஸ்'. அதே வருஷம் ஆகஸ்ட்ல அவர் செஞ்சதுதான் இந்த வரலாற்றுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஜெயில்பிரேக்மின்னு ஒரு இணையப் பக்கம். ஐபேட்லயே அந்தப் பக்கத்தைத் திறந்து, திரையில இருக்கிற பட்டையை விரலால தள்ளினா போதும், பூட்டு காலி. கேபிள் வேணாம், கம்ப்யூட்டர் வேணாம். பிடிஎஃப் கோப்புக்குள்ள இருக்கிற எழுத்துருவைப் படிக்கிற இடத்துல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாதான் அவர் உள்ள போனார்.

அடுத்த வருஷம், 2011 ஜூலையில, ஐபேட் 2-க்கும் அதே மாதிரி ஒன்னு வெளியிட்டார். அதுவும் பிடிஎஃப் எழுத்துரு ஓட்டைதான், ஆனா புதுசு. அப்ப ஒரு வேடிக்கை நடந்தது. நல்ல எண்ணம் உள்ளவர் நுழையற ஓட்டை வழியா திருடனும் நுழையலாம் இல்லையா? அதனால காமெக்ஸ் அந்த ஓட்டையை அடைக்கிற ஒட்டையும் சிடியாவுல கூடவே போட்டார். ஆப்பிளோட அதிகாரபூர்வத் திருத்தம் வர்றதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்த இடைவெளியில, பூட்டை உடைச்சவங்க ஐபேட்தான் பாதுகாப்பா இருந்தது. கம்பெனி சொன்னபடி ஒழுங்கா நடந்தவங்க ஐபேட் திறந்து கிடந்தது. ஆகஸ்ட்ல ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவர் யார்னு கண்டுபிடிச்சு எழுதிடுச்சு. நிக்கலஸ் அலெக்ரா, வயசு 19, பிரவுன் பல்கலைக்கழக மாணவர். அதே மாசம் ஆப்பிளே அவரை இன்டர்னா சேர்த்துக்கிச்சு. தமிழ் சினிமாவுல கடைசி ரீல்ல வில்லனோட பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு முடிவு.

சரி, சட்டம் இதுக்குள்ள எங்க வருது?

1998-ல அமெரிக்காவுல டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் ஒன்னு வந்தது. டிஎம்சிஏன்னு சொல்வாங்க. அதோட 1201-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பதிப்புரிமை உள்ள ஒரு படைப்புக்குப் போட்டிருக்கிற தொழில்நுட்பப் பூட்டை உடைக்கிறதே குற்றம். காப்பி அடிச்சீங்களா இல்லையாங்கிறது அப்புறம். லாப நோக்கத்தோட வேணும்னே செஞ்சா முதல் தடவைக்கே 5 வருஷம் சிறை, 5 லட்சம் டாலர் அபராதம் வரைக்கும் போகலாம். சட்டம் எழுதினவங்க மனசுல இருந்தது டிவிடியும் பாட்டும். ஆனா டேப்லெட்டோட இயங்குதளமும் ஒரு மென்பொருள், மென்பொருளும் பதிப்புரிமை உள்ள படைப்பு. அதனால அந்தப் பூட்டும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு.

சட்டத்துல ஒரு ஜன்னலும் வெச்சிருந்தாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, எந்தெந்தப் பூட்டை உடைக்கலாம்னு விதிவிலக்கு கொடுக்கலாம். கொடுக்கிற அதிகாரம் யாருக்குத் தெரியுமா? நாடாளுமன்ற நூலகத்தோட தலைமை நூலகருக்கு. நிஜமாத்தான். பதிப்புரிமை அலுவலகம் அந்த நூலகத்தோட ஒரு பகுதிங்கிறதால இப்படி ஒரு ஏற்பாடு. கன்னிமாரா நூலகத்துக்குப் போய், 'சார், என் போனை ரூட் பண்ணிக்கட்டுமா?'னு எழுதிக் கொடுத்துட்டு மூணு வருஷம் காத்திருக்கிற மாதிரி.

இ.எஃப்.எஃப் என்கிற டிஜிட்டல் உரிமை அமைப்பு போய்க் கேட்டது. ஆப்பிள் எதிர்த்தது. 2009-ல ஆப்பிள் சொன்ன காரணங்கள்ல ஒன்னு ரொம்பப் பிரபலம்: போனோட ரேடியோ பகுதியை மாத்தி எழுதினா செல்போன் டவரையே செயலிழக்க வைக்க முடியும்னு சொன்னாங்க. 2010 ஜூலை 26-ம் தேதி தலைமை நூலகர் ஜேம்ஸ் பில்லிங்டன் போனுக்கு விதிவிலக்கு கொடுத்தார். அதுக்கு அடிப்படையா பதிப்புரிமைப் பதிவாளர் எழுதின அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. ஜெயில்பிரேக் பண்ணும்போது மாறுறது 50 பைட்டுக்கும் குறைவு. மொத்த மென்பொருள் 80 லட்சம் பைட்டுக்கு மேல. அதாவது 1,60,000-ல ஒரு பங்கு. இதைப் போய் படைப்பைத் திருடறதுன்னு சொல்ல முடியாது. ஆப்பிள் காப்பாத்தப் பார்க்கிறது பதிப்புரிமையை விட தன்னோட வியாபார முறையைத்தான்னு அந்த அறிக்கை சொல்லுச்சு.

தீர்ப்பு வந்தது 2010-ல. ஐபேட் வந்து மூணே மாசம்தான் ஆகியிருந்தது. கேட்டவங்க கேட்டது போனுக்கு, கிடைச்சதும் போனுக்கு. டேப்லெட்டைப் பத்தி யாரும் பேசவே இல்ல. அடுத்த ஜன்னல் திறக்க 2012 ஆகணும்.

அந்த ரெண்டு வருஷத்துல டேப்லெட் உலகம் வேற மாதிரி ஆயிடுச்சு. இங்க கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா பின்னாடி வர்ற குழப்பத்துக்கு விதை இங்கதான்.

2010 நவம்பர்ல பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்கிற புத்தகக் கடை 'நூக் கலர்'னு ஒரு மின்புத்தகக் கருவியை வித்தது. 7 இன்ச் வண்ணத்திரை, விலை 249 டாலர். அப்ப ஐபேட் 499 டாலர்ல ஆரம்பம். நூக் கலர் உள்ள ஓடினது ஆண்ட்ராய்டு 2.1, ஆனா அது வெளிய தெரியாது. பார்த்தா புத்தக அலமாரி மட்டும்தான். சில வாரத்துலயே ஆளுங்க அதை ரூட் பண்ணிட்டாங்க. ரூட்னா, லினக்ஸ் அமைப்புல எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. அந்த அதிகாரம் உங்க கைக்கு வந்தா எந்த ஃபைலையும் மாத்தலாம்.

நூக் கலரோட அழகு என்னன்னா, ஆன் ஆகும்போது அது முதல்ல மைக்ரோ எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். கார்டுல ஒரு இயங்குதளம் இருந்தா அதையே ஓட்டும். 2011 ஏப்ரல்ல ஸ்டீவ் கோன்டிக் ஆரம்பிச்ச 'சயனோஜென்மாட்' குழுவோட ஏழாவது பதிப்பு வந்தப்ப நூக் கலரையும் ஆதரிச்சது. கார்டைச் செருகினா முழு ஆண்ட்ராய்டு டேப்லெட். கார்டை உருவிட்டா பழையபடி புத்தகக் கருவி. உள்ள ஒரு பைட்டும் மாறல. புத்தகக் கருவி விலையில டேப்லெட். கடைக்காரங்களும் அதே ஏப்ரல்ல தங்களோட சொந்த ஆப் கடையைத் திறந்தாங்க.

ஆனா அடுத்த மாடல்ல பாடம் படிச்சிட்டாங்க. 2011 நவம்பர்ல வந்த 'நூக் டேப்லெட்'ல பூட்லோடருக்கு கையெழுத்துப் பூட்டு. 16 ஜிபி இடத்துல உங்க சொந்தக் கோப்புகளுக்கு 1 ஜிபிதான். மத்ததெல்லாம் அவங்க கடையில வாங்கினதுக்கு. டிசம்பர்ல ஒரு அப்டேட் வந்து, வெளியில இருந்து ஆப் போடற சந்தையும் அடைச்சுது. வாங்கும்போது இருந்த வசதி, வாங்கினதுக்கு அப்புறம் காணாமப் போச்சு. எனக்கு இதுதான் இந்தக் கதையில கோபம் வர்ற இடம்.

எதிர்ப்பக்கத்துல எச்பி டச்பேட். எச்பி 2010-ல பாம் கம்பெனியை 120 கோடி டாலருக்கு வாங்கி, அவங்க வெப்ஓஎஸ்ஸை வெச்சு செஞ்ச டேப்லெட் அது. 2011 ஜூலை 1-ம் தேதி 499 டாலருக்கு வந்தது. ஏழே வாரத்துல, ஆகஸ்ட் 18-ம் தேதி, கடையை மூடறோம்னு எச்பி அறிவிச்சுது. அந்த வார இறுதியில 99 டாலருக்குத் தள்ளி வித்தாங்க. ஜனங்க முண்டியடிச்சாங்க. செத்துப்போன டேப்லெட்டை ஏன் வாங்கணும்? ஏன்னா அதைத் திறக்கிறது சுலபம். வெப்ஓஎஸ்ல டெவலப்பர் வசதியைத் திறக்கிற ரகசிய வார்த்தையே ஒரு விளையாட்டு: பழைய கொனாமி வீடியோ கேம்கள்ல வர்ற 'அப் அப் டவுன் டவுன் லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்' வரிசையைத் தட்டச்சு பண்ணணும். சாவியை வாசப்படி மிதியடிக்கு அடியில வெச்சுட்டுப் போன மாதிரி. அந்த அக்டோபர்லயே சயனோஜென்மாட் அதுல ஓட ஆரம்பிச்சுது. கம்பெனி ஏழு வாரத்துல கைவிட்ட கருவிக்கு, காசு வாங்காத ஆளுங்க ஆண்ட்ராய்டு கிட்கேட் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாங்க.

இந்தப் பின்னணியோட 2012-க்கு வருவோம். இ.எஃப்.எஃப் மறுபடி போய், போனுக்குக் கொடுத்ததை டேப்லெட்டுக்கும் கொடுங்கன்னு கேட்டது. திரைப்பட, இசை நிறுவனங்களோட அமைப்புகள் எதிர்த்தாங்க. பதிவாளர் மரியா பல்லான்டே போனுக்குப் புதுப்பிக்கச் சொன்னார், டேப்லெட்டுக்கு வேண்டாம்னார். காரணம்: டேப்லெட்னா என்னன்னு யாரும் சரியா வரையறுக்கல. மின்புத்தகக் கருவியும் டேப்லெட்தானா? கையில வெச்சு விளையாடற வீடியோ கேமும் டேப்லெட்டா? லேப்டாப்பும் அதுக்குள்ள வருமா?

சிரிச்சிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனா நேர்மையா பார்த்தா அந்தக் கேள்வி முட்டாள்தனமானது இல்ல. நூக் கலர் என்ன? கடைக்காரன் மின்புத்தகம்ங்கிறான், வாங்கினவன் டேப்லெட்ங்கிறான், எஸ்டி கார்டு உள்ள இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்து ரெண்டுமே உண்மை. இன்னொரு கூத்து, அந்த விதி வெளியான அதே அக்டோபர் 26-ம் தேதிதான் மைக்ரோசாஃப்ட்டோட முதல் சர்ஃபேஸ் கடைக்கு வந்தது. விண்டோஸ் ஓடும், கீபோர்டு ஒட்டிக்கும், ஆனா மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லாத டெஸ்க்டாப் நிரல் எதுவும் ஓடாது. லேப்டாப்பா, டேப்லெட்டா? சட்டம் கேட்ட கேள்விக்கு அன்னைக்கே ஒரு உதாரணம் கடை ஷோகேஸ்ல உட்கார்ந்திருந்தது.

ஆனா என் கருத்து, பதிவாளர் தப்பான இடத்துல கோடு போட்டார். வரையறை கஷ்டம்னா, கருவியோட பேரை விட்டுட்டு வேலையைப் பார்த்திருக்கணும். 50 பைட் கணக்கு போனுக்குப் பொருந்தினா ஐபேட்டுக்கும் பொருந்தும். டவர் கவிழும்னு முன்னாடி சொன்ன பயம் வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது, அதுல டவரோட பேசற ரேடியோவே கிடையாது. ஆபத்து குறைஞ்ச கருவிக்குத்தான் அனுமதி மறுக்கப்பட்டது.

சர்ஃபேஸ் பூட்டு மூணு மாசம்கூட தாங்கல. 2013 ஜனவரியில 'க்ளோக்கர்'ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதினார்: எந்த அளவு கையெழுத்து வேணும்ங்கிறது கெர்னல் நினைவகத்துல ஒரே ஒரு பைட்ல இருக்கு, அதுல 8-ன்னு இருக்கிறதை 0-ன்னு மாத்தினா எல்லா நிரலும் ஓடும். மைக்ரோசாஃப்ட் கோபப்படல, அவங்க திறமையைப் பாராட்டுறோம்னு அறிக்கை விட்டுச்சு. பின்னாடி அந்த வழியை அடைச்சிட்டாங்க, அது வேற.

இந்த இடத்துல நம்ம ஊர் பக்கம் திரும்பணும். ஏன்னா இதெல்லாம் அமெரிக்கப் பையன்களோட பொழுதுபோக்குன்னு நினைச்சா, 2010, 2011-ல ஆண்ட்ராய்டு வெச்சிருந்த தமிழ் ஆளுங்களைக் கேளுங்க.

ஆண்ட்ராய்டு 2 வரிசையில தமிழ் எழுத்துரு கிடையாது. தயாரிச்ச கம்பெனி தனியா சேர்த்திருந்தா உண்டு, இல்லேன்னா தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா வரிசையா கட்டம் கட்டமாத் தெரியும். எல்லாம் காலிக் கட்டம். பிழைக்கிற வழி ஒன்னு இருந்தது. ஓபெரா மினியில முகவரிப் பட்டையில 'ஓபெரா:கான்ஃபிக்'னு தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமா அனுப்பச் சொல்ற ஒரு அமைப்பை 'யெஸ்'னு மாத்தணும். அப்புறம் சர்வர் தமிழை வரைஞ்சு படமா அனுப்பும். அன்னைக்குத் தமிழ் வாசிச்ச பல பேருக்கு அந்த வார்த்தை இன்னும் விரல்ல இருக்கும். ஆனா அது உலாவிக்குள்ள மட்டும்தான். எஸ்எம்எஸ் வந்தா கட்டம், தொடர்புப் பட்டியல்ல அம்மா பேரைத் தமிழ்ல போட்டா கட்டம்.

முழுசா தமிழ் தெரியணும்னா எழுத்துருவை சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள வைக்கணும். அந்த ஃபோல்டர் பூட்டின ஃபோல்டர். ரூட் பண்ணினாத்தான் திறக்கும். ரூட் பண்ணி, இருக்கிற பொது எழுத்துருக் கோப்பை எடுத்துட்டு தமிழ் சேர்த்த ஒன்னை வைப்பாங்க. அப்பவும் முழு வெற்றி இல்ல. எழுத்து வரும், ஆனா கொம்பு இடம் மாறி நிக்கும். 'பெ'-ன்னு எழுதினா ப முன்னாடியும் கொம்பு பின்னாடியும் வரும், ஏன்னா எழுத்துகளை அடுக்கற பகுதி இன்னும் ஆழத்துல இருந்தது. அதையும் மாத்தணும்னா முழு இயங்குதளத்தையே மாத்தணும். ஆண்ட்ராய்டு 4 வரிசை வந்த பிறகுதான் இந்தத் தொல்லை படிப்படியா ஓய்ஞ்சது.

'கஸ்டமைஸ்'ங்கிற வார்த்தையைக் கேட்டா வால்பேப்பர் மாத்தற சமாச்சாரம் மாதிரி தோணும். ஆப்பிள் பக்கத்துலயும் 2014 செப்டம்பர்ல ஐஓஎஸ் 8 வர்ற வரைக்கும், வேற ஒருத்தர் செஞ்ச கீபோர்டை எல்லா ஆப்லயும் பயன்படுத்த முடியாது. உங்க மொழியை எப்ப ஆதரிக்கணும்னு இன்னொருத்தர் அட்டவணை போடற கருவியில, பூட்டை உடைக்கிறது சொகுசு இல்ல.

மறுபடி அமெரிக்கா. 2012-க்கும் 2015-க்கும் நடுவுல ஜனங்க சட்டத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கிட்டு உட்காரல. 2013 பிப்ரவரியில வந்த 'இவேஷன்' ஜெயில்பிரேக் முதல் நாலே நாள்ல சுமார் 70 லட்சம் கருவிகள்ல ஏறிடுச்சுன்னு ஜே ஃப்ரீமனோட கணக்கு சொல்லுச்சு. அதுல ஐபேடும் சேர்த்தி. 2012-லயே 'க்வேசார்'னு ஒரு சிடியா நிரல், ஐபேட் திரையில ரெண்டு மூணு ஆப்பைப் பக்கத்துல பக்கத்துல ஜன்னல் மாதிரி திறக்க விட்டுச்சு. அன்னைக்கு ஐபேட்ல ஒரு நேரத்துல ஒரு ஆப்தான். திரையைப் பிரிச்சு ரெண்டு ஆப்பைக் காட்டற வசதியை ஆப்பிள் கொடுத்தது 2015 செப்டம்பர்ல, ஐஓஎஸ் 9-ல.

அடுத்த மாசம், 2015 அக்டோபர்ல, நூலகமும் மனசு மாறிச்சு. புது விதியில டேப்லெட்டும் உள்ள வந்தது. எப்படி வரையறுத்தாங்கன்னு பாருங்க: கையில எடுத்துட்டுப் போகக்கூடிய, பலவிதமான நிரல்களை ஓட்டறதுக்குன்னே செஞ்ச கருவிகள். ஒரே வகை ஊடகத்தை நுகரறதுக்குன்னு செஞ்சது சேராது. அதாவது மின்புத்தகக் கருவியும் கேம் பெட்டியும் வெளியே. அதே 2015-ல ஸ்மார்ட் டிவியும், 2018-ல வீட்ல பேசற ஸ்பீக்கரும், 2021-ல ரவுட்டரும் தனித்தனியா பட்டியல்ல சேர்ந்தது. ஒவ்வொன்னுக்கும் யாராவது போய்க் கேட்க வேண்டியிருந்தது.

இதுல பல பேர் கவனிக்காத ஒரு ஓட்டை இருக்கு. விதிவிலக்கு உடைக்கிற செயலுக்குத்தான். உடைக்கிற கருவியைச் செஞ்சு ஊருக்குக் கொடுக்கிறதை அதே 1201-வது பிரிவு தனியா தடுக்குது, அதுக்கு இந்த மூணு வருஷ ஜன்னல் பொருந்தாது. பூட்டை நீங்க உடைச்சுக்கலாம், ஆனா சுத்தியல் விக்கக் கூடாது. காமெக்ஸ் மாதிரி ஆளா இல்லாத ஒரு சாதாரண மனுஷன் என்ன பண்ணுவான்?

எதிர்வாதத்தையும் சொல்லிடறேன், அது வெறும் கம்பெனி சாக்கு இல்ல. 2009 நவம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒரு புழு நிரல் ஜெயில்பிரேக் பண்ணின ஐபோன்கள்ல பரவிச்சு. தொலைவுல இருந்து நுழையற வசதியைப் போட்டுட்டு, 'ஆல்பைன்'ங்கிற ஆரம்பப் பாஸ்வேர்டை மாத்தாம விட்டவங்க மாட்டினாங்க. பாடகர் ரிக் ஆஸ்ட்லி படம் வால்பேப்பரா வந்தது, அவ்வளவோட போச்சு. கொஞ்ச நாள்லயே அதே வழியில வங்கி விவரம் திருடற ஒன்னும் வந்தது. காசு கொடுத்து வாங்கவேண்டிய ஆப்பைத் திருட்டுத்தனமா போடறதுக்கும் ஜெயில்பிரேக்கைப் பயன்படுத்தினாங்க. அதுக்குன்னே 'இன்ஸ்டாலஸ்'னு ஒன்னு 2012 கடைசி வரைக்கும் ஓடிச்சு. சின்ன டெவலப்பர்களுக்கு அது நிஜமான நஷ்டம். ஆனா திருட்டைத் தடுக்க திருட்டுக்குத் தண்டனை போடலாம். எழுத்துரு மாத்தறவனையும் அதே கூண்டுல ஏத்தறது எனக்கு நியாயமாப் படல.

இந்தியாவுல நிலைமை என்னன்னு நிறைய பேர் கேட்பீங்க. சுவாரசியமா, நம்ம சட்டமும் அதே 2012-லதான் மாறிச்சு. பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்துல 65ஏ-ன்னு ஒரு பிரிவு. பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. ஆனா ஒரு முக்கியமான சொற்றொடர் சேர்த்திருக்காங்க: பதிப்புரிமையை மீறணும்ங்கிற நோக்கத்தோட உடைச்சா. சட்டம் தடுக்காத வேற காரியத்துக்காக உடைக்கிறதுக்கு அதே பிரிவுல விலக்கும் இருக்கு. அமெரிக்கா பூட்டைப் பார்த்துச்சு, நம்ம ஆளுங்க நோக்கத்தைப் பார்த்தாங்க. டேப்லெட்டா போனா லேப்டாப்பாங்கிற பட்டிமன்றத்துக்கே இங்க தேவை இல்ல. வாரன்டி போகுமாங்கிறது தனிப் பிரச்சினை. அது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள ஒப்பந்தம்.

கடைசியா நடைமுறைக்கு ஒரு விஷயம். எங்க சித்தி வீட்ல அலமாரி மேல ஒரு டேப்லெட் இருக்கு. பையன் படிப்புக்காக ஒரு பாடச் செயலியோட சேர்த்து வாங்கினது. சந்தா முடிஞ்சிடுச்சு, இப்ப ஆன் பண்ணினா அந்தச் செயலியோட லாகின் திரை மட்டும்தான் வரும், அதைத் தாண்டி எதுவும் திறக்காது. திரை நல்லா இருக்கு, பேட்டரி நிக்குது. 'இதை ஏதாவது பண்ண முடியுமாடா?'னு சித்தி கேட்டாங்க. அது மாதிரி ஒன்னு உங்க வீட்லயும் இருந்தா, முதல்ல அமைப்புகளுக்குள்ள போக முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, டெவலப்பர் வசதிகள்ல 'ஓஇஎம் அன்லாக்கிங்'னு ஒரு வரி இருக்கும். அது மாத்தற நிலையில இருக்கா, இல்ல மங்கலா அசையாம இருக்கா? அசையுதுன்னா வழி இருக்கு, ஆனா திறக்கும்போது உள்ள இருக்கிற எல்லாம் அழிஞ்சிடும், போட்டோவை முதல்ல எடுத்து வெச்சுக்கங்க. சித்தி வீட்டு டேப்லெட்ல அது அசையல. அந்தச் சிப்புக்கு யாராவது ஓட்டை கண்டுபிடிக்கிற வரைக்கும் அது அலமாரி மேலதான். ஐபேட் 2-ல இருந்த ஏ5 சிப்போட ஆரம்ப நிரல்ல இருந்த ஓட்டை வெளிய வந்தது 2019 செப்டம்பர்ல, 'செக்மேட்'ங்கிற பேர்ல. எட்டு வருஷம் கழிச்சு. சித்தி கிட்ட தூக்கிப் போட்டுடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.